இல்லை என்பதற்கு அடுத்த வாக்கியம்

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. எங்கள் பள்ளிவாசலின் பெண்கள் வகுப்புக்கு ஒரு குறிப்பு எழுதித் தர உட்கார்ந்தேன். தலைப்பையும் அவர்களே கொடுத்திருந்தார்கள்: ‘அல்மாஊன் அத்தியாயம் — பின்னணியும் பொருளும்.’ இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, வாசிக்கும்போது யாரும் கொட்டாவி விடக் கூடாது என்று நிபந்தனை வேறு.

திருக்குர்ஆனில் ஏழே வசனங்கள் கொண்ட அத்தியாயம். தொழுகையில் அவசரமாக இருக்கும் நாட்களில் நம்மில் பலர் தேடிப்பிடித்து ஓதுகிற அத்தியாயங்களில் ஒன்று. [சிரிக்காதீர்கள். நீங்களும்தான்.] சின்ன வயதிலிருந்து வாயில் புழங்கிய ஓதலை, பொருளோடு வரிவரியாக மெல்லப் படித்தேன். மூன்றாம் முறை படிக்கும்போது நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனேன். கழுவிக் கவிழ்த்திருந்த ஒரு சட்டியை நிமிர்த்தி வைத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டிக்கு இவ்வளவு பெரிய இடமா!

ஏன் சட்டி என்று சொல்கிறேன். அதற்குள் என் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டாள். குறிப்பு கதையாகிப் போனது அந்த அழைப்பில்தான்.

2.

பொருளை என் சொற்களில் தருகிறேன். இதை மொழிபெயர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தீர்ப்பு நாள் என்பதே பொய் என்கிறானே, அவனைப் பார்த்தாயா? அவன்தான் அநாதையைப் பிடித்துத் தள்ளுகிறவன். ஏழைக்கு உணவு கொடுக்கும்படி யாரையும் தூண்டாதவன். இதற்கு அடுத்து ஒரு திடுக்கிடல்: கேடுதான், தொழுகிறவர்களுக்கு! எந்தத் தொழுகிறவர்களுக்கு? தங்கள் தொழுகையைப் பற்றியே அக்கறை இல்லாதவர்களுக்கு. பிறர் பார்க்க வேண்டும் என்று செய்கிறவர்களுக்கு. சின்னஞ்சிறு பொருளைக்கூடக் கொடுக்காமல் தடுத்துக்கொள்கிறவர்களுக்கு.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறது, பாருங்கள்! எல்லா உயிரும் எழுப்பப்பட்டு விசாரிக்கப்படும் நாளில் தொடங்குகிறது; அடுப்படியில் வந்து முடிகிறது. கடைசிச் சொல்லான ‘மாஊன்’ என்பதற்கு விரிவுரையாளர்கள் ஒரே பொருளைச் சொல்லவில்லை. கட்டாயக் கொடையான ஜகாத்தையே அது குறிக்கும் என்றவர்கள் உண்டு. ஆனால் மற்றவர்கள் அடுக்குவதைக் கேளுங்கள்: சட்டி, வாளி, கோடரி, ஊசி, உப்பு, நெருப்பு. அக்கம்பக்கத்தார் ஒருவரிடம் ஒருவர் இரவல் வாங்கும் சாமான்கள். வாளியும் சட்டியும் இரவல் கொடுப்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்லிவந்தோம் என்று நபித்தோழர் ஒருவர் கூறியதாகவும் அறிவிப்பு இருக்கிறது. மறுமையின் பெருவிசாரணையில் ஒரு வாளி சாட்சி சொல்ல வருகிறது! நான் எழுந்து நடக்காமல் என்ன செய்வேன்?

பின்னணி பற்றியும் பல அறிவிப்புகள். அவற்றில் ஒன்று: மக்காவில் ஒரு பெரிய மனிதர், வாரந்தோறும் ஒட்டகம் அறுக்கிறவர். ஓர் அநாதைப் பிள்ளை வந்து கொஞ்சம் இறைச்சி கேட்டது. அவர் கைத்தடியால் அடித்து விரட்டினார். அவர் யார் என்பதில் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். [நான் ஒரு பெயரையும் சொல்லப் போவதில்லை. பெயர் தெரிந்தால், ‘நல்லவேளை, அது நானில்லை’ என்று நாம் நிம்மதியாகப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவோம்.] அத்தியாயத்தின் முன்பகுதி மக்காவிலும் பின்பகுதி மதீனாவிலும் அருளப்பட்டது என்பாரும் உண்டு, முழுவதுமே மக்காவில்தான் என்பாரும் உண்டு.

எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. அடிபட்ட அந்தப் பிள்ளை பிறகு எங்கே போனது? அன்றைக்கு யாராவது அதற்குச் சாப்பாடு கொடுத்தார்களா? என்னிடம் இருக்கிற புத்தகங்களில் தேடிப் பார்த்துவிட்டேன். ஒன்றிலும் இல்லை.

3.

புத்தகத்தில் இல்லாததைக் கதையில் எழுதலாம் என்று துணிந்தேன்.

“மணல் கொதித்துக்கொண்டிருந்தது. தோல் கூடாரத்தின் வாசலில் அந்தச் சிறுவன் —”

விட்டுவிட்டேன். நான் ஒட்டகத்தை உயிரியல் பூங்காவில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அது என்னைப் பார்த்து அசைபோட்டது. எங்கள் பழக்கம் அதோடு சரி. அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு பாலைவனக் கதை எழுதினால் ஒட்டகமே மன்னிக்காது.

அக்காவின் அழைப்பு வந்தது அப்போதுதான்.

“என்னடி பண்ணிட்டிருக்கே?”

“அல்மாஊன் எழுதிட்டிருக்கேன்கா.”

“அதைத்தான் அல்லாஹ்வே இறக்கியாச்சே. நீ என்ன புதுசா எழுதறே?”

“பொருள் எழுதறேன். சட்டி, வாளி இரவல் கொடுக்கறதைப் பத்தி.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. என் அக்கா பேசாமல் இருப்பது மின்சாரம் போவது மாதிரி; எங்கே இருந்தாலும் தெரிந்துவிடும்.

“அப்படின்னா வெள்ளிக்கிழமை நடந்ததை உங்கிட்ட சொல்லியே ஆகணும்,” என்றாள். “ஆனா உன் மச்சான்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதே.”

[சொல்லவில்லை அக்கா. எழுதத்தான் எழுதினேன்.]

4.

அக்கா சொன்னது இது. அக்காவின் வீடு பள்ளிவாசலுக்குப் பின்சுவரை ஒட்டியது. அவள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பள்ளியின் சாமான் அறை. அங்கே பெரிய பெரிய அண்டாக்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் கொடுத்தவர் பெயர் வெட்டியிருக்கும். அந்த அறையின் சாவி அக்காவின் கணவரிடம், அதாவது என் மச்சானிடம். தெருவில் அவருக்குச் ‘சாவிக்காரர்’ என்றே பெயர்.

போன வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பெண் வந்திருக்கிறாள், ஒரு சின்னப் பெண்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு. கணவன் இறந்துபோனவள். வீட்டில் சமைத்து, கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறவள். அன்றைக்கு அவளுக்கு ஒரு பெரிய நாள். அச்சகம் ஒன்றின் கேன்டீனைக் குத்தகைக்கு விடப்போகிறார்கள். ‘ஒருநாள் மத்தியானம் எல்லாருக்கும் சமைத்துப் போடு, பார்க்கலாம்’ என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். காலையில் அரிசி களைந்து அண்டாவை அடுப்பில் ஏற்றியதும் அடி விட்டுப்போய்த் தண்ணீர் அடுப்புக்குள் இறங்கிவிட்டது. வாடகைப் பாத்திரக் கடைக்கு அன்று விடுமுறை.

“ஒரே ஒரு அண்டா அண்ணே. சாயங்காலம் தேய்ச்சுக் கொண்டுவந்து கொடுத்துடறேன். மத்தியானத்துக்குள்ள சோறு போகலைன்னா கேன்டீன் எனக்கில்ல. அது இல்லைன்னா திரும்ப மாமியார் வீட்டுக்குத்தான் போகணும். அங்க எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் என் பிள்ளை சாப்பிடணும்.”

மச்சான் சொல்லியிருக்கிறார்: “இது பள்ளிக்குன்னு வக்ஃப் பண்ணினதும்மா. வெளியே கொடுக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் கொடுத்திருக்காங்க. எனக்கு அதிகாரம் இல்ல.”

அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. “சரி அண்ணே” என்று சலாம் சொல்லிவிட்டுப் பிள்ளையோடு போய்விட்டாள். மச்சான் பதில் சலாம் சொல்லிவிட்டு, ஜும்ஆ தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளு செய்யப் போனார்.

“அப்புறம்?” என்றேன்.

“அப்புறம் என்ன அப்புறம்? அவ்வளவுதான்.”

அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. நான் புத்தகங்களில் தேடிய கேள்வி, அக்காவின் ஜன்னலுக்கு வெளியே நின்றுவிட்டுப் போயிருக்கிறது!

5.

உடனே எழுதினேன்:

“கல்நெஞ்சுக்காரரான அந்தச் சாவிக்காரர், தாடியைத் தடவியபடி —”

அக்காவுக்கே தொலைபேசியில் படித்துக் காட்டினேன்.

“தாடியைத் தடவினாரா? உன் மச்சானுக்கு இருக்கறதே நாலு முடி. எதைத் தடவறது?”

“கதைக்காகத்தான்கா.”

“கதைக்காகன்னு என் வீட்டுக்காரரை வில்லனாக்காதே. அவரை உனக்குத் தெரியாதா?”

தெரியும். அதுதான் தொல்லை. மச்சான் தன் கைப்பேசியைப் பள்ளியின் பிளக்கில் சார்ஜ் போட மாட்டார், பள்ளி மின்சாரமாம். தொழுகை முடிந்து தனியாக ஓதிக்கொண்டிருந்தால் தன் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்த்துக்கொண்டே ஓதுவார். பள்ளித் துடைப்பத்தின் ஒரு ஈர்க்கு அவர் வீட்டு வாசலில் கிடந்தாலும் எடுத்துக்கொண்டு போய் அங்கே போட்டுவிட்டு வருவார். நம்பி ஒப்படைத்த பொருளை, அமானிதத்தை, கண்ணில் விழுந்த தூசியைப் போல உறுத்தலோடு காக்கிற மனிதர். பிறர் பார்க்க வேண்டும் என்று தொழுகிறவரும் இல்லை. அவர் தொழுவது தூணுக்குப் பின்னால்.

[வக்ஃப் என்றால் இறைவனுக்கென்று ஒதுக்கிக் கொடுத்துவிட்ட பொருள். கொடுத்தவர் ஒரு நிபந்தனை வைத்தால் பொறுப்பாளர் அதைக் காக்க வேண்டும். ஆகவே மச்சான் சொன்னது சாக்கு அல்ல. அவர் பயந்தது பள்ளிக் கமிட்டிக்கு அல்ல, அல்லாஹ்வுக்கு.]

வில்லனைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அடித்ததும் கதை நின்றுவிட்டது. கேட்டவள் நியாயமாகத்தான் கேட்டாள். மறுத்தவர் நியாயமாகத்தான் மறுத்தார். ஆனாலும் ஒரு பிள்ளை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பிப் போயிருக்கிறது. யாருமே தப்புச் செய்யாமல் ஒரு தப்பு நடக்குமா? எங்கேயோ ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. எனக்கு அது கண்ணில் படவில்லை.

6.

மறுநாள் மாலை மச்சானே வந்து நின்றார். அக்கா எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பாள்!

“ஏம்மா எழுத்தாளரே, என்னைக் கதைல போட்டிருக்கியாமே?”

“இன்னும் போடல மச்சான். வாசல்ல நிக்க வெச்சிருக்கேன்.”

“கால் வலிக்குது. உள்ள வரலாமா?”

தேநீர் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கில் இறக்கி, என் தாள்களை அடித்தது எது அடிக்காதது எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் படித்தார். ‘கல்நெஞ்சுக்காரர்’ வந்த இடத்தில் ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

“தொழுகிறவர்களுக்குக் கேடுன்னு வருதே, அந்த இடத்துல கொண்டுபோய் என்னை நிறுத்தப் போறியா?”

“நிறுத்த முடியல மச்சான். அதான் கதை நகரவே மாட்டேங்குது.”

“அந்த அண்டா என்னோடதா இருந்தா அந்த நிமிஷமே தூக்கிக் கொடுத்திருப்பேன். தெரியுமில்ல உனக்கு?”

“தெரியும்,” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பிறகு கேட்ட கேள்வியிலும் எந்தச் சூதும் இல்லை. கதைக்கு ஒரு தகவல் வேண்டும் என்றுதான் கேட்டேன். “உங்க வீட்டுல அண்டா கிடையாதா மச்சான்?”

தேநீர்க் குவளை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

“பரண்ல…” என்றார். “உங்க அக்கா கல்யாணத்துக்கு உங்க அம்மா கொடுத்தது.”

“பெருசா?”

“பெருசுதான். பழைய போர்வை, மழைக்கோட்டு, மெத்தை உறை எல்லாம் அதுக்குள்ளதானே கிடக்கு.” குவளையைக் கீழே வைத்தார். “எனக்கு ஞாபகமே வரலம்மா. அந்தப் பொண்ணு பள்ளி அண்டாவைக் கேட்டுச்சு. கொடுக்கக் கூடாது, கொடுக்கக் கூடாதுன்னு நான் அதையே நினைச்சுட்டு நின்னேன். சரியாச் சொல்லிட்டோம்னு ஒரு நிம்மதி வேற.”

அக்காவைத் தொலைபேசியில் பிடித்தோம். விஷயத்தைக் கேட்டதும் ‘யா அல்லாஹ்’ என்றாள்.

“நான் ஜன்னல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டேனே! பாவமேன்னு இருந்துச்சு. பாவமே பாவமேன்னு நினைச்சுக்கிட்டே மாவு பிசைஞ்சேன். என் அண்டா எனக்கே ஞாபகம் வரலையே!”

அப்போதுதான் என் கண் தாளின் மேலே போனது, நான் வேகமாகக் கடந்துவந்திருந்த மூன்றாவது வசனத்துக்கு. ‘ஏழைக்கு உணவு கொடுக்கும்படி தூண்டாதவன்.’ ஓட்டை இங்கே இருந்தது! சட்டி என்றதும் ஏழாவது வசனத்தையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். இங்கே ‘கொடுக்காதவன்’ என்றுகூடச் சொல்லவில்லை. ‘தூண்டாதவன்’ என்கிறது. தன் கையில் ஒன்றும் இல்லாதவனுக்கும் இதில் வேலை இருக்கிறது. கொடுக்க முடியவில்லையா, கேட்டுப் பார். உன்னிடம் இல்லையா, யாரிடம் இருக்கிறது என்று சொல். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சற்று நேரத்தில் பள்ளி நிறைய ஆட்கள் வரப்போகிறார்கள். அவர்களில் நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தாலே எத்தனை பரண்கள் திறந்திருக்கும்!

“மச்சான், நீங்க இல்லைன்னு சொன்னது சரிதான்,” என்றேன். குரல் எனக்கே கொஞ்சம் உயர்ந்துவிட்டது. “ஆனா அதுக்கு அடுத்து ஒரு வாக்கியம் இருந்திருக்கணும். ‘பள்ளியோடது கொடுக்க முடியாதும்மா, கொஞ்சம் இரு, வேற எங்கேயாவது பார்க்கறேன்’னு. அந்த ஒரு வாக்கியம்தான் விட்டுப்போச்சு!”

“அடுத்த வாக்கியம்,” என்றார் மச்சான் மெதுவாக. “சொல்லத் தெரியாம இல்லம்மா. சொல்லணும்னு தோணல.”

7.

கதை ஓடத் தொடங்கியது. அவர் உட்கார்ந்திருக்கும்போதே முடிவுகளை எழுதித் தள்ளினேன்.

முடிவு, ஒரு விதம்: சாவிக்காரர் ‘இல்லை’ என்கிறார். உடனே ‘கொஞ்சம் இரும்மா’ என்கிறார். பரணிலிருந்து அண்டா இறங்குகிறது. முற்றும். கதை இரண்டாவது பத்தியிலேயே முடிந்துவிடுகிறது. இலக்கியத்துக்கு நஷ்டம், தெருவுக்கு லாபம்.

இன்னொரு விதம்: பரண் அண்டாவிலும் ஓட்டை! [எழுதுகிறவளுக்கு ஓட்டை போடுவது சுலபம்.] அக்கா வீடு வீடாக ஓடுகிறாள். ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் ஒரு சட்டி சோறு ஏறுகிறது. அந்தப் பெண் கையில் கரண்டியோடு மாடிப்படிகளில் ஏறி இறங்கி ருசி பார்க்கிறாள். “மேல் வீட்டுல உப்பு பத்தல!” “எதிர் வீட்டக்கா, குழைய விட்டுட்டீங்களே, இனிமே அது கஞ்சிதான்!” “யாரு இதைக் கிளறினது? அண்ணனா? அண்ணே, தயவுசெஞ்சு நீங்க போய்த் தொழுங்க!” எழுத எழுத எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. ஒன்றரைப் பக்கம் போய்விட்டது. தெருவே சேர்ந்து ஒரு சோற்றை வடித்துக்கொண்டிருந்த —

மச்சான் படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு தாளை மேசையில் வைத்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா நிஜத்துல அந்தப் பொண்ணுக்கு அன்னிக்கு என்ன ஆச்சு?”

“தெரியலையே மச்சான்.”

“கேன்டீன் கிடைச்சுதா, இல்லையா?”

“அதான் தெரியலைங்கறேனே.”

“அப்ப இதையெல்லாம் எழுதி என்ன பண்றது? வா, போய்ப் பார்த்துட்டு வருவோம்.”

நான் எழுதிய கதைகளில் ஒரு பாத்திரம் எழுந்து நின்று செருப்பைத் தேடியது இதுவே முதல் தடவை.

8.

ஆகவே அந்த இரண்டு முடிவுகளும் நடக்கவில்லை. நடந்தது இது.

மச்சான் பரணிலிருந்து அண்டாவை இறக்கி, போர்வைகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, தானே உட்கார்ந்து தேய்த்தார். அக்கா ஒரு காதையும் அவர் ஒரு காதையும் பிடித்துத் தெருவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் பின்னால் மூடியோடு. பார்க்கிறவர்கள் எல்லாம் “என்ன, வீட்டுல விசேஷமா?” என்று கேட்டார்கள். “ஆமா ஆமா” என்று மச்சான் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார்.

அச்சகத்தின் வாயிற்காவலர் அண்டாவைப் பார்த்துத் தடியை நீட்டினார்.

“சாமானோட உள்ள போகக் கூடாது.”

“உள்ள போகலப்பா. போன வெள்ளிக்கிழமை இங்க சோறு கொண்டுவந்த அம்மா வீடு எங்கே?”

“யாரு, லேட்டம்மாவா?” என்றார் அவர். மச்சானின் முகம் சுருங்கியது. காவலர் வழி சொன்னார். சலவைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி.

கதவைத் திறந்தவளை நான் என் தாள்களில் அழுத கண்களோடு எழுதி வைத்திருந்தேன். திறந்தவளோ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எங்களையும் அண்டாவையும் மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள்.

“என்ன அண்ணே, சீர் கொண்டு வந்திருக்கீங்களா?”

அக்காதான் நடந்ததைச் சொன்னாள், பரண், போர்வை, மாவு எல்லாவற்றையும். அந்தப் பெண் கேட்டுவிட்டுச் சிரித்தே விட்டாள்.

“போர்வைக்குக் கொடுத்து வெச்சிருக்கு பாருங்களேன்! சரி, உட்காருங்க.”

“அன்னிக்கு என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார் மச்சான். உட்காரவில்லை.

“என்ன ஆகும்? சின்னப் பாத்திரத்துல ரெண்டு தடவையா வடிச்சேன். முதல்ல போனது பாதிப் பேருக்குக் காணல. ரெண்டாவது போறதுக்குள்ள மிஷின் ஓட்டறவங்க எல்லாம் வெறும் தண்ணி குடிச்சுட்டு வேலைக்குத் திரும்பிட்டாங்க. மேனேஜர் ருசி நல்லாயிருக்குன்னார். ருசி பார்த்துட்டுத்தான் இன்னொரு தடவை வரச் சொன்னார். வர்ற வெள்ளிக்கிழமை. அதுதான் கடைசி.”

நான் எழுதுகிறவள் என்று அக்கா போட்டு உடைத்தாள். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

“எழுதுங்க, எழுதுங்க. ஆனா நான் அழுதுட்டே போனேன்னு எழுதிடாதீங்க. எனக்கு அன்னிக்கு அழுகை வரல, கோவம் வந்துச்சு. பசி வேற. எத்தனை அண்டா இருக்கு அங்கே! ஒரே ஒரு ‘இரும்மா’ சொல்லலையேன்னு இருந்துச்சு.”

அவளுக்கு எந்த வசனமும் நான் விளக்கியிருக்கவில்லை.

அப்போது உள் அறைத் திரைக்குப் பின்னாலிருந்து அந்தச் சின்னப் பெண் எட்டிப் பார்த்தாள். மச்சானைப் பார்த்ததும் தாயின் முந்தானைக்குள் போய்விட்டாள். அங்கிருந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு உரக்கவே கேட்டாள்:

“அம்மா, இல்லைன்னு சொன்னவங்க இவங்கதானே?”

“ஏய், சும்மா இரு.”

மச்சான் தரையில் உட்கார்ந்தார். அவள் உயரத்துக்கு வந்த பிறகு சொன்னார்: “ஆமாம்மா. நான்தான்.”

[இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். மக்காவின் அந்தப் பெரிய மனிதரைப் பற்றியும் கைத்தடியைப் பற்றியும், கைத்தடி இல்லாமலும் ஒரு பிள்ளையைத் தள்ளிவிட முடியும் என்பதைப் பற்றியும். மச்சான் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு அந்தப் பத்தி அதிகப்படியாகத் தெரிந்தது. எடுத்துவிட்டேன்.]

பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு வந்து அண்டாவுக்குள் தலையை விட்டு ‘ஓ’ என்று கத்தியது. அண்டா திருப்பிக் கத்தியது. பிள்ளை மச்சானைப் பார்த்தது. மச்சானும் தலையை விட்டு, மெதுவாக, ‘ஓ’ என்றார்.

பள்ளியின் அண்டாக்களைக் கொடுத்தவர்களைத் தனித்தனியாகப் பார்த்து, அக்கம்பக்கத்தாருக்கு இரவல் விடச் சம்மதம் வாங்கப் போவதாகத் திரும்பும் வழியில் சொன்னார். பிறகு கமிட்டியிலும் பேச வேண்டுமாம். அது வேறு கதை. கமிட்டிக் கதைகளுக்கு நான் முடிவு தேடுவதில்லை.

9.

இன்று வெள்ளிக்கிழமை. அந்தக் கடைசி வாய்ப்பு இன்றைக்குத்தான். அக்காவும் மச்சானும் விடிந்ததுமே அங்கே போய்விட்டார்கள். ‘நீ முடிவை எழுது, நாங்க வெங்காயம் உரிக்கறோம்’ என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள். நான் காலையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பெண்கள் வகுப்பு கேட்ட இரண்டு பக்கம் எப்போதோ தாண்டிவிட்டது. கொட்டாவி விட்டவர்கள் மன்னிக்கவும்.

நிதானமான, நிறைவான ஒரு முடிவை மனதில் வைத்திருந்தேன். சிறு பொருள்களைப் பற்றிய ஓர் அழகான வாக்கியத்தில் முடியும். அதைத் தொடங்கியும் விட்டேன்:

“ஆக, உலகத்தைத் தாங்கி நிற்பவை பெரிய தூண்கள் அல்ல, ஒரு சிட்டிகை உப்பும், ஒரு —”

தொலைபேசி. அக்கா.

“எங்கடி இருக்கே?”

“முடிவு எழுதிட்டிருக்கேன்கா.”

“அதை யாராவது எழுதிக்குவாங்க. நீ வண்டியை எடுத்துட்டு உடனே வா! சோறு வடிச்சு இறக்கியாச்சு. வரேன்னு சொன்ன வேன்காரன் கையை விரிச்சுட்டான். உன் வண்டில பின்சீட்டை மடக்கினா அண்டா போகுமா?”

“போகும்னு நினைக்கிறேன். மூடி இடிக்கும்.”

“மூடியை நான் மடில வெச்சுக்கறேன். வா!”

அவளுக்குப் பின்னால் மச்சானின் குரல் கேட்டது: “யாரும் திறக்காதீங்க, ஆவி போயிடும்!” அதற்கும் பின்னால் அந்தப் பெண்ணின் குரல்: “அண்ணே, பத்து தடவை திறந்து பார்த்தது நீங்கதான்!”

கேன்டீன் அவளுக்குக் கிடைத்ததா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. அது இன்னும் நடக்கவில்லை. மேலாளர் ஒருவேளை வேறு ஆளை ஏற்கெனவே பேசி வைத்திருக்கலாம். ஒருவேளை சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே ‘நாளையிலிருந்து வந்துவிடு’ என்று சொல்லலாம். அந்தப் பகுதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்; உங்கள் மனம் எவ்வளவு தாராளமோ அவ்வளவு தாராளமாக எழுதுங்கள். ஆனால் சோறு சூடாகப் போய்ச் சேர்ந்தது என்ற வரியை மட்டும் எனக்காக விட்டுவையுங்கள். அதை உட்கார்ந்து எழுதினால் ஆறிவிடும். நான் வண்டியை எடுத்துக்கொண்டு இதோ